ஹாக்கெட் துடைத்த கொலை

இன்ஸ்பெக்டர் லும்லி முதலில் விசாரித்தது பிணத்தைப் பற்றி அல்ல; பிணத்தின் தலைக்கு அடியில் இருந்த தலையணையைப் பற்றி.

"இதை யார் வெச்சது?"

"நான்தான் சார்," என்றார் பட்லர் ஹாக்கெட்.

"எப்போ?"

"காலையில ஆறே காலுக்கு."

"செத்தவருக்கு எதுக்குய்யா தலையணை?"

"ஆறே காலுக்கு அவர் செத்துப்போனது எனக்குத் தெரியாது சார். தூங்கறார்னு நினைச்சேன். கழுத்து ஒரு பக்கமா வளைஞ்சிருந்தது. எழுந்ததும் வலிக்குமேன்னு வெச்சேன்."

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். தலையணை மட்டுமா? நூலக அறையின் கணப்புக்கு முன்னால், விரிப்பின் மேல் மல்லாந்து கிடந்த மிஸ்டர் கத்பர்ட்டுக்குக் கழுத்து வரை ஒரு கம்பளி போர்த்தியிருந்தது. பக்கத்தில் ஒரு குட்டி மேசை. அதில் தேநீர், இரண்டு பிஸ்கட், இஸ்திரி போட்டு மடித்த அன்றைய செய்தித்தாள்.

"டீ வேற குடுத்திருக்கீங்க."

"இது ரெண்டாவது கப் சார். முதல் கப்பைத் தொடவே இல்ல. ஆறிடுச்சு."

"அப்பக்கூட உங்களுக்குச் சந்தேகம் வரலை?"

"மூணாவது கப் கொண்டு வந்தப்போ வந்தது சார்."

இதில் ஹாக்கெட்டைக் குறை சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. எங்கள் ஷ்ராப்ஷயர் பக்கத்துப் பெரிய வீடுகளில், கனவான் ஒருவர் தரையில் படுத்திருந்தால் பட்லர் அதைப் பார்க்கக் கூடாது. பார்த்தாலும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. ஹாக்கெட் இந்தக் கலையில் கரைகண்டவர். பெரியவர் சர் ரோலண்ட் உயிரோடு இருந்த காலத்தில், விருந்துக்கு வந்த ஒரு தூதர் இரண்டு நாள் பில்லியர்ட்ஸ் மேசைக்கு அடியில் தங்கிவிட்டார். ஹாக்கெட் வேளாவேளைக்கு அங்கேயே சூப் பரிமாறினார். ஊருக்குத் திரும்பிய தூதர், தோர்ன்பி மாளிகையைப் போல உபசாரம் உலகத்தில் எங்கும் கிடையாது என்று கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தை ஹாக்கெட் தன் அறையில் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்.

இந்த மிஸ்டர் கத்பர்ட், சர் ரோலண்டின் தம்பி. அண்ணனுக்குப் பிள்ளை இல்லாததால் மாளிகை தம்பிக்கு வந்தது. ஏப்ரலில் பெட்டியோடு வந்து இறங்கினார். மே மாதம் மாளிகையை ஒரு கோல்ஃப் கிளப்புக்கு விற்கப்போவதாகச் சொன்னார். மற்றபடி, வாரத்தில் மூன்று நாள் ஒயின் குடித்துவிட்டு இதே விரிப்பில்தான் படுத்திருப்பார். வியாழக்கிழமை காலையில் அவர் அங்கே கிடந்ததில் ஹாக்கெட்டுக்கு எந்த விசேஷமும் தெரியவில்லை.

"சரி, அறையில வேற எதையாவது மாத்தினீங்களா?" என்று இன்ஸ்பெக்டர் பென்சிலை எடுத்தார்.

"ஒண்ணையும் மாத்தல சார். எப்பவும் போல சுத்தம்தான் பண்ணேன். இந்த அறையை நான் வேலைக்காரிங்க கையில விடறது இல்ல."

பென்சில் நின்றது. "எப்பவும் போலன்னா?"

"நாற்காலி ஒண்ணு கவுந்து கிடந்தது, நிமித்தி வெச்சேன். கடிகாரம் கீழே விழுந்து பத்து ஐம்பதுல நின்னுபோயிருந்தது. சாவி குடுத்து, நேரத்தைச் சரிபண்ணி மேலே வெச்சேன். நல்லா ஓடுது, உங்க கடிகாரத்தோட ஒத்துப் பாருங்க. உங்களுது ரெண்டு நிமிஷம் பின்னாடி இருக்கு சார்."

"மேல சொல்லுங்க."

"தோட்டத்துக் கதவுலேர்ந்து கணப்பு வரைக்கும் சேத்துக் காலடி. தேய்ச்சுக் கழுவி, மெழுகு போட்டுப் பளபளப்பாக்கினேன். அப்புறம் கணப்பு கிளறுற இரும்புக் கம்பி தரையில கிடந்தது. நுனியில சிவப்பா, பிசுபிசுன்னு ஏதோ..."

இன்ஸ்பெக்டர் கண்ணை மூடிக்கொண்டார். "அதையும்?"

"மணல் போட்டுத் தேய்ச்சுட்டேன் சார். ஜாம்னு நினைச்சேன். மிஸ்டர் கத்பர்ட் அந்தக் கம்பியிலதான் ரொட்டியைக் குத்தி வாட்டுவார். ரொட்டி வாட்டத் தனியா நீள முள்கரண்டி இருக்கு. அவர் அதை மதிக்கறதே இல்ல."

ஊர் டாக்டர் பிம் அப்போதுதான் பிணத்தைப் பார்த்து முடித்திருந்தார். "பின்மண்டையில ஒரே அடி. கனமான, மழுங்கின ஏதோ ஒண்ணு. நேத்து ராத்திரி பதினோரு மணி வாக்குல," என்று சொல்லிவிட்டு, பிணத்தைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

இன்ஸ்பெக்டர் பளபளக்கும் தரையைப் பார்த்தார், பளபளக்கும் கம்பியைப் பார்த்தார், கடைசியில் ஹாக்கெட்டைப் பார்த்தார். ஹாக்கெட்டும் பளபளத்தார்.

"இருபத்திரண்டு வருஷமா கொலைகாரங்களைப் பாக்கறேன். தடயத்தை அழிக்கறதுல உங்க அளவுக்குத் திறமை ஒருத்தனுக்கும் கிடையாது."

"ரொம்ப நன்றி சார்."

"பாராட்டு இல்லைய்யா அது! இதோ பாருங்க. மதியம் ஒரு மணிக்குள்ள இந்த அறை காலையில ஆறே காலுக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருக்கணும். அச்சு அசலா. இல்லேன்னா தடயத்தை அழிச்சதுக்கு உங்களைத்தான் ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போவேன். நாளைக்குப் பேப்பர்ல 'தோர்ன்பி மாளிகை பட்லர் கைது'ன்னு கொட்டை எழுத்துல வரும்."

சிறை என்றபோது ஹாக்கெட் அசையவில்லை. பேப்பர் என்றதும் அவர் முகம் வெளுத்தது. எங்கள் கவுன்டியில் தோர்ன்பி போகப் பெரிய வீடுகள் பதினேழு. பதினேழிலும் பட்லர் உண்டு. பதினேழு பேரும் காலையில், எஜமானர் கையில் மை ஒட்டாமலிருக்க, அந்தப் பேப்பரை இஸ்திரி போடுவார்கள். முப்பத்தொன்பது வருடமாக அந்தப் பதினேழு பேருக்கும் தோர்ன்பி ஹாக்கெட் என்றால் ஒரு படி மேல். தன் பெயரின் மேல் அந்தப் பதினேழு இஸ்திரிப் பெட்டிகளும் ஒவ்வொன்றாகப் போய்வருவதை அவர் நினைத்துப் பார்த்தார். அவரால் தாங்க முடியவில்லை.

அந்த நேரம் சீமாட்டி வினிஃபிரட் தோட்டத்திலிருந்து உள்ளே எட்டிப் பார்த்தார். சர் ரோலண்டின் விதவை, எழுபது வயது, தலையில் வைக்கோல் தொப்பி, கையில் ரோஜாக் கூடை.

"ஹாக்கெட், மதியச் சாப்பாடு ஒரு மணிக்குத்தானே?"

"ஆமா, மை லேடி."

"கத்பர்ட் எங்கே?"

"டாக்டரோட போயிருக்கார், மை லேடி. திரும்பி வர மாட்டார்."

"அடடா. அப்ப ஒரு தட்டைக் குறைச்சுப் போடுங்க," என்று சொல்லிவிட்டு சீமாட்டி ரோஜாச் செடிகளிடம் திரும்பிப் போனார்.

ஹாக்கெட் கோட்டைக் கழற்றினார். அவர் பகலில் கோட்டைக் கழற்றி அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். ஓர் அறையில் எது எங்கே இருந்தது என்று கேட்டால், ஹாக்கெட் கண்ணை மூடிக்கொண்டு அங்குலக் கணக்கில் சொல்வார். அதனால் இன்ஸ்பெக்டர் சொன்னதை அவர் தண்டனையாக நினைக்கவில்லை, சவாலாக எடுத்துக்கொண்டார். நாற்காலியைக் கவிழ்த்தார். அது தரையைக் கீறிவிடுமே என்று அடியில் ஒரு துணியை மடித்து வைத்தார். கடிகாரத்தைப் பத்து ஐம்பதில் நிறுத்தி, தூசி தட்டி, தரையில் குப்புறப் படுக்க வைத்தார்.

அடுத்தது காலடி. ரோஜாப் பாத்தியிலிருந்து ஒரு வாளி சேறு கொண்டுவந்தார். பூட்ஸ்? பின்வாசலில் தோட்டக்காரர் யாப் கழற்றிப் போட்ட ஜோடி இருந்தது. அதைக் கையில் மாட்டிக்கொண்டு, சேற்றில் முக்கி, கதவிலிருந்து கணப்பு வரை ஒவ்வொன்றாகப் பதித்தார். அடிக்கு அடி ஒரே இடைவெளி. ஓரங்களில் பிசிறு இருந்த இடத்தை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தார். நிஜக் காலடி இத்தனை அழகாக இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனால் தோர்ன்பி மாளிகையில் ஒரு வேலையை அரைகுறையாகச் செய்து அவருக்குப் பழக்கமில்லை.

பதினொரு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார். அசந்துபோனார்.

"பிரமாதம்! ஆணி அடிச்ச தடம்கூடத் தெரியுது!"

"என்னால முடிஞ்சது சார்."

இன்ஸ்பெக்டர் டேப்பை வைத்து அளந்தார். குறித்துக்கொண்டார். விறுவிறுவென்று வெளியே போனார். ஐந்து நிமிடத்தில் தோட்டத்துப் பக்கமிருந்து யாப்பின் கூச்சல் கேட்டது.

"என் பூட்ஸா? என் பூட்ஸு இந்த வீட்டு வாசப்படி தாண்டினதே இல்லைய்யா! தாண்டியிருந்தா மிஸ்டர் ஹாக்கெட் என்னைக் கொன்னே போட்டிருப்பார்!"

"கொன்னே போட்டிருப்பார்," என்று இன்ஸ்பெக்டர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஹாக்கெட் ஓடினார். அவர் ஓடியும் யாரும் பார்த்ததில்லை. "சார், சார்! பூட்ஸ் மட்டும்தான் யாப்போடது. பதிச்சது நான்!"

"என்னது?"

"அச்சு அசலா வேணும்னு நீங்கதானே சொன்னீங்க? ஏதாவது ஒரு பூட்ஸ் வேண்டியிருந்தது."

"அப்ப நிஜமான தடம்?"

"அது இதைவிடச் சின்னது சார். யாப் போடறது பதினொண்ணு. அது ஆறு இருக்கும்."

"இதை முதல்லயே சொல்றதுக்கு என்னய்யா?"

"ஆறாம் நம்பர் பூட்ஸ் அப்ப கைக்கு அகப்படல சார்."

யாப்பை விடுவித்தார்கள். அவர் தன் பூட்ஸைப் பிடுங்கிக்கொண்டு, ஹாக்கெட்டை ஒரு முறை முறைத்தார். "உங்க நூலகத்துக்குள்ள நான் போனா திட்டுவீங்க. நான் இல்லாதப்ப என் பூட்ஸைக் கூட்டிட்டுப் போயிருக்கீங்க. இது நியாயமா மிஸ்டர் ஹாக்கெட்?"

"நியாயமில்லதான், யாப். மன்னிச்சுக்க," என்றார் ஹாக்கெட். யாப் அசந்துபோனார். மன்னிப்புக் கேட்டும் ஹாக்கெட்டை யாரும் பார்த்ததில்லை.

ஹாக்கெட் மறுபடி தரையைக் கழுவினார். மறுபடி ஒரு வாளி சேறு. ஆறாம் நம்பருக்கு என்ன செய்வது? சமையலறை வாசலில் சமையல்காரி மிஸஸ் டில்லியின் ரப்பர் பூட்ஸ் நின்றது. கோழிக் கூண்டுக்குப் போகும்போது போடுவது. நம்பரைப் பார்த்தார், ஆறு. அவசரத்தில் வேறு எதையும் யோசிக்கவில்லை.

அடுத்து என்ன நடந்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா? பதினொன்றே முக்காலுக்கு மிஸஸ் டில்லி, அறுபது வயது, ஐந்தடி உயரம், கையில் அகப்பையோடு சமையலறை நாற்காலியில் கைதியாக உட்கார வைக்கப்பட்டார். கதவருகே கான்ஸ்டபிள் காவல். அடுப்பில் முயல்கறி கொதித்துக்கொண்டிருந்தது.

"என் மேல சந்தேகமா?" மிஸஸ் டில்லியின் முகம் தக்காளி நிறத்துக்கு வந்தது. "கேட்டுக்கங்க இன்ஸ்பெக்டர். நான் ஒருத்தரைக் கொல்லணும்னா இரும்புக் கம்பியைத் தூக்கிட்டு நூலகத்துக்குப் போவேனா? முப்பது வருஷமா இந்த வீட்டுக்குக் காளான் சமைக்கறேன்! எனக்கு என்ன, கைத்தொழில் தெரியாதா?"

இன்ஸ்பெக்டர் இதையும் எழுதிக்கொண்டார்.

"எழுதுங்க, நல்லா எழுதுங்க! டில்லி கம்பியால அடிச்சாள்னு பேப்பர்ல வந்தா நாளைக்கு எந்தச் சமையக்காரி முகத்துல நான் முழிப்பேன்? அய்யோ, முயல்! அதைக் கிளறணும்!"

"கைதி நாற்காலியை விட்டு எழுந்திரிக்கக் கூடாது," என்றார் கான்ஸ்டபிள்.

"அப்ப நீ கிளறு!"

கான்ஸ்டபிள் கிளறினார். தப்பாகக் கிளறினார். அடிப்பிடிக்கும் வாசனை நடைவழி வரை வந்தது. ஹாக்கெட் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பன்னிரண்டு. ஒரு மணிக்குச் சாப்பாடு. மகாயுத்தத்தின்போதுகூட தோர்ன்பி மாளிகையில் ஒரு மணிச் சாப்பாடு ஒரு மணி ஒரு நிமிடத்துக்கு வந்தது கிடையாது.

"சார், பூட்ஸ்தான் மிஸஸ் டில்லியோடது..."

"தெரியும். பதிச்சது நீங்க," என்றார் இன்ஸ்பெக்டர் சோர்வாக. "ஆனா அளவு ஆறுன்னு நீங்களே சொன்னீங்க. அவங்களும் ஆறு. அவங்க இல்லேன்னு வேற ஏதாவது ஒண்ணு நிரூபிக்கணுமே. கம்பி மட்டும் கழுவாம இருந்திருந்தா கைரேகையைப் பாத்து முடிச்சிருப்பேன்."

கம்பி! ஹாக்கெட் நூலகத்துக்கு விரைந்தார். கம்பியை எடுத்தார். நுனியில் சிவப்பாக, பிசுபிசுவென்று இருக்க வேண்டும். ஜாம் அலமாரியின் சாவி கைதியின் இடுப்பில் இருந்தது. சமையலறைக் கிண்ணத்தில் முயல் ரத்தம் இருந்தது. கான்ஸ்டபிள் முதுகைக் காட்டிக் கிளறிக்கொண்டிருந்தபோது ஹாக்கெட் கம்பியின் நுனியை அதில் தோய்த்தார். காலையில் கிடந்த இடத்தில், கிடந்த சாய்வில், தரையில் வைத்தார். எழுந்து நின்று பார்த்தார். ஒரு நூல் பிசகவில்லை. அவருக்கே பெருமையாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் கறுப்புப் பொடியைத் தூவினார். ஊதினார். பூதக்கண்ணாடியால் பார்த்தார்.

"அஞ்சு விரலும் அழகா விழுந்திருக்கு. ஒரே ஆளுது. மிஸஸ் டில்லியோடது இல்ல. பெரிய கை."

"அப்பாடா! மிஸஸ் டில்லியை விட்டுடலாமா சார்?"

"விட்டுடலாம். உங்க கையைக் கொஞ்சம் காட்டுங்க."

ஹாக்கெட் கையை நீட்டினார். இன்ஸ்பெக்டர் ஒரு தாளில் விரல்களைப் பதித்து ஒப்பிட்டார். தாளை மெதுவாக மடித்துப் பையில் வைத்தார்.

"மிஸ்டர் ஹாக்கெட். கோல்ஃப் கிளப் வந்ததும் உங்களை வேலையை விட்டு அனுப்பறதா மிஸ்டர் கத்பர்ட் சொன்னாராமே?"

"சொன்னார் சார். பந்து பொறுக்கற வேலை இருக்கு, வேணும்னா இருந்துக்கன்னும் சொன்னார்."

"கோபம் வரலையா?"

"வந்தது சார். ரொம்ப வந்தது." ஹாக்கெட் பொய் சொல்வதில்லை. "ஆனா அந்தக் கம்பி நூலகத்துச் சாமான். குடும்பத்தார் உபயோகத்துக்குன்னு இருக்கறது. அதை எடுத்து நான் ஒருத்தரை அடிப்பேனா? எனக்குன்னு வெள்ளிச் சாமான் அறையில தனியா ஒரு கம்பி இருக்கு சார்."

"தடயத்தை அழிச்சது நீங்க. பொய்த் தடயம் பதிச்சது நீங்க. கம்பியில ரேகை உங்களுது. கோபமும் இருந்திருக்கு." இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். "கிளம்புங்க."

செய்தி சமையலறைக்குப் போக அரை நிமிடம் ஆனது. விடுதலையான மிஸஸ் டில்லி முயலையும் விட்டுவிட்டு ஓடி வந்தார். யாப் வந்தார், வாசப்படியில் நின்று பூட்ஸைக் கழற்றிவிட்டு வந்தார். மருத்துவ அறிக்கையோடு திரும்பிய டாக்டர் பிம்மும் கதவருகே நின்றுவிட்டார்.

ஹாக்கெட் கோட்டை மாட்டிக்கொண்டார். பொத்தான்களைப் போட்டார். பிறகு கண் தரையில் விழுந்தது. சேறு, கறுப்புப் பொடி, முயல் ரத்தச் சொட்டு.

"சார், ஒரே ஒரு வேண்டுகோள். இந்தத் தரையை இப்படி விட்டுட்டு என்னால ஜெயிலுக்குப் போக முடியாது. கால் மணி நேரம் குடுங்க."

இன்ஸ்பெக்டர் அந்தச் சேற்றைப் பார்த்தார். அதில் நிஜமானது ஒன்றுகூட இல்லை. "என்னமோ பண்ணுங்க," என்றார்.

ஹாக்கெட் முழங்காலிட்டார். கழுவினார், துடைத்தார், மெழுகைத் தடவினார், கம்பளித் துணியால் தேய்த்தார். கதவருகே நின்றவர்கள் மூச்சு விடவில்லை. முப்பத்தொன்பது வருடத் தேய்ப்பும் அந்தக் கையில் இருந்தது. இதுதான் கடைசித் தடவை என்பது அவருக்குத் தெரியும். அதனால் ஓர் அங்குலத்தைக்கூட விடவில்லை. கூரையின் சித்திரங்கள் தரையில் தெரிந்தன. கடைசியில் நாற்காலியை நிமிர்த்தி, கடிகாரத்தை ஓடவிட்டு மேலே வைத்து, கம்பியைக் கணப்பில் சாய்த்து, விரிப்பை உதறிப் போட்டு, அதன் குஞ்சங்களை விரலால் நேராக்கினார்.

"பாத்துக்கங்க," என்றார் மிஸஸ் டில்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "கைது ஆனப்புறமும் குஞ்சத்தை நேராக்கற பட்லர் வேற எந்த வீட்டுல இருக்கான்?"

"எந்த வீட்டுலயும் இல்ல," என்றார் யாப். அவர் மூக்கும் சிவந்திருந்தது.

"சரி, சரி, போதும் வாங்க," என்று சொல்லிக்கொண்டே இன்ஸ்பெக்டர் விரிப்பின் மேல் காலை வைத்தார்.

விரிப்பு வழுக்கிக்கொண்டு போய்விட்டது. இன்ஸ்பெக்டரின் இரண்டு காலும் கூரையை நோக்கிப் போயின. நாற்காலி ஒன்று கவிழ்ந்தது. கையை வீசியதில் கடிகாரம் கீழே விழுந்து நின்றது. கம்பி தரையில் உருண்டது. கணப்பைச் சுற்றியிருந்த கனமான பித்தளைத் தடுப்பில் அவர் பின்மண்டை ணங்கென்று மோதியது. தலையில் தொப்பி இருந்ததால் உயிர் தப்பியது. தொப்பி பிழைக்கவில்லை.

ஒருவரும் அசையவில்லை. டாக்டர் பிம்தான் மெல்ல வந்து குனிந்தார்.

"இன்ஸ்பெக்டர், அப்படியே படுத்திருங்க. மிஸ்டர் கத்பர்ட்டுக்கு அடிபட்ட இடம் இதேதான். இம்மி பிசகல. பித்தளைத் தடுப்பு. கனமானது, மழுங்கினது."

இன்ஸ்பெக்டர் மல்லாந்தபடியே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கவிழ்ந்த நாற்காலி. நின்ற கடிகாரம். தரையில் கம்பி.

"ஹாக்கெட்."

"சார்."

"மிஸ்டர் கத்பர்ட்டுக்குச் செருப்பு அளவு என்ன?"

"ஆறு சார். சின்னக் காலு. அதுல அவருக்கு ஏகப்பட்ட பெருமை."

"ராத்திரி தோட்டத்துல உலாவுவாரா?"

"குடிச்ச அன்னிக்கெல்லாம் உலாவுவார்."

"சேத்துக் காலோட உள்ளே வந்திருக்கார். விரிப்பு மேல காலை வெச்சிருக்கார்." இன்ஸ்பெக்டர் படுத்தபடியே நோட்டை எடுத்தார். "கம்பி நுனியில இருந்தது..."

"ஜாம்தான்னு நான் முதல்லயே சொன்னேன் சார்."

"ஜாம்," என்று எழுதினார் இன்ஸ்பெக்டர். "விபத்து," என்று எழுதி அடியில் ஒரு கோடு போட்டார். "மிஸ்டர் ஹாக்கெட், அவரைக் கொன்னது மனுஷன் இல்ல. உங்க தரை."

ஹாக்கெட் கைகொடுத்து அவரை எழுப்பிவிட்டார். பேப்பர் கிடையாது, கைது கிடையாது, பதினேழு இஸ்திரிப் பெட்டிகளும் கிடையாது. வீட்டு மானம் தப்பிவிட்டது. அவர் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

வீடு முழுக்கச் சந்தோஷப்பட்டது. மிஸஸ் டில்லி முயலின் அடிப்பிடித்த பாகத்தைக் கான்ஸ்டபிளுக்குப் போட்டுவிட்டு, மீதியைச் சரிசெய்து, ஒரு மணிக்குச் சரியாக அனுப்பினார். சீமாட்டி இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பணியாளர் கூடத்தில் யாப் மேசையைத் தட்டிப் பேசினார்.

"விதர்பி மாளிகைத் தோட்டக்காரன் அவன் வீட்டுப் படிக்கட்டைப் பத்திப் பீத்திக்குவான். ஆல்ஸ்டன் மாளிகைக்காரன் வெள்ளிச் சாமானைப் பத்திப் பேசுவான். அட, உங்க வீட்டுத் தரை ஒரு ஆளையாவது கொன்னிருக்கான்னு இனிமே கேப்பேன் நான்!"

"ரெண்டு ஆளைக் கொன்னிருக்கும்," என்றார் மிஸஸ் டில்லி. "தொப்பி காப்பாத்திடுச்சு."

எல்லோரும் ஹாக்கெட்டின் ஆரோக்கியத்துக்குக் குடித்தார்கள். ஹாக்கெட் எழுந்து தலைவணங்கினார். ஆனால் அவர் தட்டில் வைத்தது வைத்தபடி இருந்தது. பெருமை ஒரு பக்கம் இருக்கத்தான் செய்தது. இல்லை என்று சொன்னால் பொய். எங்கள் கவுன்டியில் அப்படி ஒரு மெழுகு வேறு யார் கைக்கும் வராது. ஆனால் தான் சேவை செய்த குடும்பத்தின் ஆள் ஒருவர் தன் மெழுகில் வழுக்கிச் செத்திருக்கிறார். நல்லவரோ கெட்டவரோ, குடும்பத்தின் ஆள். பட்லர் பெருமைப்பட்டுக்கொண்டே அந்த வீட்டில் தொடர்ந்து இருக்க முடியாது. தன் அறைக்குப் போய் ஒரு கடிதம் எழுதினார். மூன்று வரிதான். எழுதி முடித்தபோது கண் கலங்கியிருந்தது.

மாலை நாலரைக்குத் தோட்டத்து மேடையில் சீமாட்டி வினிஃபிரட்டுக்குத் தேநீர் கொண்டுபோனார். வெள்ளித் தட்டில் தேநீர்க் கெண்டி, வெள்ளரிக்காய் சான்ட்விச், அவற்றின் நடுவே கடிதம்.

சீமாட்டி நல்ல மனநிலையில் இருந்தார். "வக்கீல் போன் பண்ணினார், ஹாக்கெட். அடுத்த வாரிசு நியூசிலாந்துல ஆட்டுப் பண்ணை வெச்சிருக்கற ஒரு பையன். நான் இருக்கற வரைக்கும் வீடு இப்படியே இருக்கட்டும்னு முன்னாடியே எழுதிக் குடுத்திருக்கானாம். கோல்ஃப் கிடையாது. நீங்களும் நானும் ரோஜாவும்தான். இது என்ன கடிதம்?"

"என் ராஜினாமா, மை லேடி."

சீமாட்டி கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். காலையில் கத்பர்ட்டைப் பற்றிக் கேட்டபோது ரோஜாக் கூடையைக்கூட அவர் கீழே வைக்கவில்லை.

"என்ன பேச்சு இது? எதுக்கு?"

"முப்பத்தொன்பது வருஷமா இந்தத் தரையைத் தேய்ச்சேன், மை லேடி. பெருமையாத்தான் தேய்ச்சேன். அந்தப் பெருமை மிஸ்டர் கத்பர்ட் உயிரை வாங்கிடுச்சு. என் கையால செத்த மாதிரிதானே? இனி இந்த வீட்டுல நான் தலை நிமிந்து நடக்க முடியாது."

"உக்காருங்க, ஹாக்கெட்."

"பட்லர் உக்காரக் கூடாது, மை லேடி."

"அப்ப நின்னுக்கிட்டே கேளுங்க." சீமாட்டி கடிதத்தை நாலாகக் கிழித்துத் தட்டில் போட்டார். அக்கம்பக்கம் பார்த்தார். ஒரு சான்ட்விச்சை எடுத்துக்கொண்டு, அவரை அருகில் அழைத்து, பிரியமாகச் சொன்னார்:

"தரை ஒரு பாவமும் பண்ணல, ஹாக்கெட், செவ்வாய்க்கிழமையே நான் அந்தக் கம்பியைக் கையில எடுத்துட்டேன், ஆனா அன்னிக்கு நீங்க லீவுல உங்க அக்கா வீட்டுக்குப் போயிருந்தீங்க, மறுநாள் காலையில துடைக்க ஆள் வேணுமேன்னுதான் புதன்கிழமை வரைக்கும் பொறுத்துக்கிட்டேன்."